மூன்று முறை விலைபோன இயந்திரம்

அத்தியாயம் 6

லாரி டிரைவர்களில் இரண்டு வகை உண்டு. எதைக் கேட்டாலும் தெரியாது என்பவர்கள் ஒரு வகை. எதையும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. அன்று மதியம் எங்களுக்கு வாய்த்தவர் மூன்றாவது வகை. தூங்கிக்கொண்டிருந்தார்.

லாரியின் ஜன்னல் வழியே இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் இடது பாதத்தைத் தட்டினேன். பதில் இல்லை. வலது பாதத்தைத் தட்டினேன்.

"யாருங்க அது?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஏலத்துல கதிரடிக்கிற மெஷின் எடுத்தீங்களே, அது விஷயமா வந்திருக்கோம்."

பாதங்கள் உள்ளே போய், அதே ஜன்னலில் ஒரு தலை வந்தது. "நானா? மெஷினா? எனக்கு வயலே கெடையாதுங்க. வீட்ல தொட்டியில ஒரு ரோஜாச் செடி இருக்கு. அதுக்கும் தண்ணி ஊத்தறது என் சம்சாரம்தான்."

நான் திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அண்ணி லாரியின் நிழலில் ஒரு காலைத் தூக்கி மறு கால்மேல் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்று நாள் அலைச்சலில் செருப்பு கடித்த இடம்.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிப்போன வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவர். அந்த வேலையை விட்டபின் துப்பறிய ஆரம்பித்தார். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பார். இரண்டிலும் நாம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் நொறுங்கியிருக்கும். நான் அவருக்குக் கொழுந்தன், டிரைவர், உதவியாளர். இதற்கு முன் நான் பார்த்த ஏழு வேலைகளைப் பற்றி என் அண்ணனிடம் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்.

வழக்கு இதுதான். பழைய விவசாய இயந்திரங்களை இணையத்தில் ஏலம் விடும் கம்பெனி ஒன்று. விற்கிறவர் தன் கொல்லையில் நிற்கும் இயந்திரத்தை எட்டுக் கோணத்தில் படம் பிடித்து அனுப்புவார். கம்பெனி சரிபார்த்துத் தளத்தில் ஏற்றும். வாங்குகிறவர் எங்கிருந்தோ கைபேசியில் விலை கேட்பார். பகல் ஒரு மணிக்கு ஏலம் முடியும்போது யாருடைய விலை மேலே நிற்கிறதோ, பொருள் அவருக்கு. இப்படி ஒரு பழைய கதிரடிக்கும் இயந்திரம் மூன்று மாதத்தில் மூன்று முறை விலைபோனது. மூன்று முறையும் ஜெயித்த ஆள் பணமும் கட்டவில்லை, பொருளையும் எடுக்கவில்லை. மூன்றும் வேறு வேறு பெயர், வேறு வேறு எண்.

அந்த மூன்று கணக்குகளையும் சரிபார்த்து அனுமதித்தவள் ஒரே பெண். அலுவலகத்தில் அவளை 'டிக்' என்றுதான் கூப்பிடுவார்கள், ஒரு நாளைக்கு இருநூறு பொருளுக்குப் பச்சை டிக் போடுகிறவள் என்பதால். விலையை ஏற்றிவிட அவளே பொய்யாக ஆட்களை உண்டாக்கினாள் என்று முடிவு கட்டிவிட்டார் மேலாளர். இன்று மாலை ஐந்து மணிக்குள் வேறு ஆளைக் காட்டாவிட்டால் போலீசுக்குப் புகார் போகும். அவள் கணவர் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் மட்டுமே. எங்களைத் தேடி வந்தவளும் அவளேதான்.

மணி ஒன்றேமுக்கால். கணக்குகளில் இருந்த மூன்று எண்களில் இது கடைசி. முதல் எண்ணும் ஒரு லாரி டிரைவருடையது, இரண்டாவதும் அப்படியே. மூவருக்கும் ஏலம் என்றால் என்னவென்றே தெரியவில்லை.

"வாங்க அண்ணி, போலாம். மூணையும் கோட்டை விட்டாச்சு. இதுக்கு மேல தேட ரோஜாத் தொட்டிதான் பாக்கி."

அண்ணி நகரவில்லை. கண்ணாடிக்குக் கீழே, டிரைவர் செருகி வைத்திருந்த ஒரு வெளிர்பச்சைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, முந்தாநாள் பார்த்த டிரைவர் எதால விசிறிக்கிட்டிருந்தார்?"

"ஏதோ காகிதத்தால."

"நேத்து பார்த்தவர்?"

"அவர் விசிறல. ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பல் குத்திக்கிட்டிருந்தார். அந்தக் காட்சிய மறக்கத்தான் நான் ராத்திரி பூரா முயற்சி பண்ணேன், நீங்க ஞாபகப்படுத்திட்டீங்க."

"என்ன கலர் காகிதம்?"

நான் யோசித்தேன். பிறகு கண்ணாடிக்குக் கீழே இருந்த சீட்டைப் பார்த்தேன். மூன்றும் வெளிர்பச்சை.

"ஐயா, இந்தச் சீட்டு எங்க குடுத்தது?" என்றார் அண்ணி.

"எடைமேடையிலங்க. லோடு ஏத்தினா அங்க எடை போடாம யாரும் தாண்ட முடியாது. பெரிய க்யூ நிக்கும். அங்க இருக்கறவரு தங்கமான மனுசன். நாங்க காத்துக்கிட்டிருக்கறப்ப எங்க ஃபோனையெல்லாம் வாங்கி அவரே சார்ஜ் போட்டுக் குடுப்பாரு. நாங்க பாட்டுக்கு ஒரு தூக்கம் போட்டுட்டு வருவோம்."

"எல்லார் ஃபோனையுமா?"

"எல்லார் ஃபோனையும்."

அண்ணி அவருக்கு நன்றி சொன்னார். நாங்கள் காருக்குத் திரும்புவதற்குள் பாதங்கள் மறுபடியும் ஜன்னலுக்கு வந்துவிட்டன.

* * *

ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் காரின் கண்ணாடி பாதிக்குமேல் இறங்காது. அந்தப் பாதி வழியே வெயில் மட்டும் தவறாமல் வந்தது.

அண்ணியின் ஃபோன் அடித்தது. என் அண்ணன்.

"சொல்லுங்க... வாஷிங் மெஷின்ல தண்ணி வடியலையா? பாக்கெட்டெல்லாம் பாத்துட்டுப் போட்டீங்களா? பாக்கலையா. சரி, தொடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்." வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஊர்ல இருக்கற மெஷின் தொல்லை பத்தாதுன்னு வீட்லயும் ஒண்ணு."

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் போட்டார். மூன்று ஏலத்திலும் அந்த மர்ம ஆள் கேட்ட விலைகள். டிக் எழுதிக் கொடுத்தது.

"இதைப் பாத்து உனக்கு என்ன தோணுது?"

71,447. 74,171. 77,414. இவை ஜெயித்த விலைகள். அதற்குமுன் கேட்டவை: 44,171. 47,711. 47,774. இப்படிப் பதினொன்று.

"ராசி எண் பாக்கற ஆள்" என்றேன். "ஏழு அதிர்ஷ்டம், நாலு நாசம், ஒண்ணு ரெண்டுக்கும் நடுவுல பஞ்சாயத்து."

"மத்தவங்கல்லாம் எப்படிக் கேட்டிருக்காங்க?"

"ஐந்நூறு ஐந்நூறா. கீழே 'ஐந்நூறு கூட்டு'ன்னு ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்கினாப் போதும். யாரும் தட்டிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க. கடைசிப் பத்து விநாடியில அவ்வளவு நேரமும் இருக்காது."

"அப்ப இந்த ஆள் மட்டும் ஏன் தட்டறான்? உன் ஃபோனை எடு. இடது கையில புடி. வலது கையைத் தூக்கி பாக்கெட்ல வை."

வைத்தேன். பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏலத்தைத் திற. அந்தப் பட்டன் எங்க இருக்கு?"

"வலது பக்கம், அடி ஓரம்."

"கட்டைவிரலால அமுக்கு."

நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். ஃபோன் நழுவி பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் போய் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இப்ப எண்ணைத் தட்டு. கஷ்டப்படாம எந்த எண்ணுக்கு விரல் போகுதுன்னு சொல்லு."

இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒன்று, நான்கு, ஏழு. மற்ற எண்களுக்கு விரலை வளைத்து ஒரு வித்தையே காட்ட வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

"ஃபோனை மேஜைமேல வெச்சுத் தட்டலாமே அண்ணி?"

"நிதானமா இருக்கறப்ப வெப்பான். கடைசிப் பத்து விநாடியில கையில இருக்கறதை எவனும் கீழ வெக்க மாட்டான். நீ கிரிக்கெட் பாக்கறப்ப டம்ளரைக் கீழ வெச்சு நான் பாத்ததில்லை."

"வலது கையில ஏதாவது கட்டு போட்டிருக்கலாம்."

"மூணு மாசமாவா?"

கேட் திறந்தது. அடுத்த சில கிலோமீட்டருக்கு நான் எந்த ஜோக்கும் சொல்லவில்லை. அண்ணி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

* * *

எடைமேடை என்றால் சாலையோரம் தரையோடு பதித்த ஒரு நீளமான இரும்புப் பலகை. லாரி அதில் ஏறி நிற்கும். பக்கத்து அறையில் எடை தெரியும். அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர். சுவரில் நீளமான பிளக் பலகையில் ஏழு கைபேசிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

உள்ளே இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். அவரைக் 'கிலோ' என்று கூப்பிட்டார்கள் டிரைவர்கள். இடது கையால் தட்டினார், இடது கையால் சீட்டைக் கிழித்தார், அதே கையால் ஜன்னல் வழியே நீட்டினார். சட்டையின் வலது கை, முழங்கைக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

அண்ணி விலை எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தார். அவர் படித்தார். அதிர்ச்சியோ ஓட்டமோ எதுவும் இல்லை.

"டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

"ஆச்சுங்க."

"உக்காருங்க. இந்த ஸ்டூல் ஆடும், சுவரோட ஒட்டிப் போட்டுக்குங்க." பிறகு என்னைப் பார்த்து, "போலீசா?"

"என்னைப் பாத்து அப்படிக் கேட்ட மொதல் ஆள் நீங்கதான்" என்றேன். "இல்லைங்க. நீங்க பண்ணின காரியத்துக்கு வேற ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டிருக்கா. அஞ்சு மணிக்கு அவ மேல புகார் போகுது."

அவர் முகம் அப்போதுதான் மாறியது. "பொண்ணா? எந்தப் பொண்ணு? நான் யாரையும் மாட்டிவிடணும்னு பண்ணலைங்க."

"ஏன் பண்ணீங்க?" என்றார் அண்ணி.

ஒரு லாரி ஏறியது. எடை போட்டுச் சீட்டு கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"அந்த மெஷினுக்கு வலது பக்கம் ஒரு வாய் இருக்குங்க. அதுலதான் கதிரைத் தள்ளணும். வாய்க்கு மேல முழங்கை நீளத்துக்கு ஒரு தகர மூடி உண்டு. அது இருந்தா கை உள்ள போகாது. மொதலாளி அதை வெட்டி எடுத்துட்டாரு. எடுத்துட்டாக் கத்தை கத்தையா அள்ளிப் போடலாம், நாலு நாள் வேலை மூணு நாள்ல முடியும்." சட்டை ஊக்கைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு ரெண்டாவது நாளே முடிஞ்சிடுச்சு."

"கேஸ் போடலையா?" என்றேன்.

"ஆஸ்பத்திரி செலவு பூரா அவருதான் பாத்தாரு. இந்த வேலையும் அவரு சொல்லித்தான் கெடைச்சுது. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேக்கறது? ஆனா மெஷினை ஏலத்துக்குப் போட்டாரு பாருங்க, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை. இன்னொருத்தன் வாங்குவான். அவனுக்கு மூடி இருந்ததே தெரியாது. என் பேர்ல கேட்டா மொதலாளிக்குத் தெரிஞ்சிடும். அதான் இவங்க ஃபோன்ல கணக்கு தொறந்தேன். ஒரு தடவை அந்த ரகசிய எண் வந்தாப் போதும், அப்புறம் என் ஃபோன்லேர்ந்தே கேக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கு இப்படியே ஏலத்துல எடுத்துக்கிட்டிருக்க முடியும்?" என்றேன்.

"தெரியாதுங்க. ஏலம் போனாத்தானே மெஷின் போகும், போகவிடாம வெச்சிருப்போம்னு நெனச்சேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சுது."

அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனிக்கு எழுதிப் பாத்திருக்கலாமே. மூடி இல்லாத மெஷினை ஏலத்துல ஏத்தக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு."

"எழுதினேனே" என்றார் கிலோ. "நாலு தடவை."

தன் ஃபோனை எடுத்து நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பெயர் போடாமல் எழுதியிருந்தார். 'இந்த மிசினுக்கு மூடி இல்லை. கை போகும். வாய் இருக்கும் பக்கத்தைப் படத்தில் காட்டவில்லை. தயவுசெய்து பார்க்கவும்.' அதற்குக் கீழே, இரண்டே நிமிடத்தில் வந்த பதில்: 'உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. எட்டுப் படங்களும் சரிபார்க்கப்பட்டுள்ளன. நன்றி.' நான்கு புகாருக்கும் எழுத்து மாறாமல் அதே பதில். ஒவ்வொன்றின் கீழும் 'சரிபார்ப்புப் பிரிவு' என்று போட்டு ஒரு பச்சை டிக்.

சரிபார்ப்புப் பிரிவு என்றால் பெரிய பிரிவெல்லாம் இல்லை. ஒரு நாற்காலிதான். அதில் உட்காருகிறவளைக் காப்பாற்றத்தான் நாங்கள் மூன்று நாளாகச் செருப்புத் தேய அலைந்துகொண்டிருந்தோம்.

"அண்ணி..." என்றேன்.

"பாத்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருபத்திரண்டு வருடக் களைப்பும் இருந்தது.

கிலோ ஜன்னலுக்கு வெளியே சாலையைக் காட்டினார். "இப்ப எல்லாமே வீண்தாங்க. பன்னெண்டரைக்கு ஒரு வண்டி வெறுமையா வந்து எடை போட்டுச்சு. டிரைவர் எங்கிட்டதான் வழி கேட்டான், மொதலாளி வீட்டுக்கு. மூணு தடவையும் பணம் வராததால ரெண்டாவது விலை கேட்டவங்களுக்கே குடுத்துட்டாங்களாம். புதுசா கல்யாணம் ஆனவங்களாம். ரெண்டு பேருமே நின்னு ஓட்டப் போறாங்களாம். வண்டி அஞ்சு மணிக்குள்ள திரும்பி வரும். இந்தப் பலகை மேல ஏறும். நான்தான் அதுக்கு எடை போட்டுக் குடுக்கணும்."

* * *

ஏலக் கம்பெனியின் அலுவலகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். ஐந்து மணிக்கு வேலையும் மானமும் போகப்போகிற பெண், தன் மேஜையில் உட்கார்ந்து டிக் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைய கணக்கில் இன்னும் முப்பது பாக்கியாம்.

"ஆள் கெடைச்சாச்சு" என்றார் அண்ணி. "உனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

அவள் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் பேச்சுக் கேட்டு மேலாளர் தன் அறையிலிருந்து வந்தார். இரண்டு ஃபோன், இரண்டிலும் சார்ஜ் தீரப்போகிறது, அப்படிப்பட்ட ஒரு மனிதர்.

"யார் அந்த ஆள்?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த மெஷினோட எட்டுப் படத்தையும் நான் பாக்கணும்."

டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படங்களைத் திறந்தாள். முன்பக்கம், பின்பக்கம், சக்கரம், பட்டை, கம்பெனித் தகடு, ஓடும் படம், இடது பக்கம், வலது பக்கம். எனக்கு எல்லாம் ஒரே துருவாகத் தெரிந்தது.

"கடைசி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை."

வைத்தாள். இடது பக்கப் படத்தில் சக்கரத்துக்கு அருகே ஒரு சிவப்பு வாளி. வலது பக்கப் படத்திலும் சக்கரத்துக்கு அருகே ஒரு சிவப்பு வாளி.

"ரெண்டு வாளி வெச்சிருக்கிற வசதியான வீடு" என்றேன்.

"ரெண்டுக்கும் பிடி ஒரே மாதிரி ஒடிஞ்சிருக்கு. சரி, வாளிய விடு. நிழலைப் பாரு. இடது பக்கம் நின்னு எடுத்த படத்துல மெஷினோட நிழல் நம்மளைப் பாக்க விழுது. வலது பக்கம் போய் எடுத்தாலும் நம்மளைப் பாக்கத்தான் விழுது. சூரியன் ஒரே நேரத்துல ரெண்டு பக்கமுமா நின்னுச்சு?"

மேலாளர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"ஒரே படம்" என்றார் அண்ணி. "இடது பக்கத்தைக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பி, வலது பக்கம்னு அனுப்பியிருக்கார். எழுத்து இடவலம் மாறித் தெரியக் கூடாதுன்னு பேர் இருக்கற இடத்துல ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கார். வலது பக்கத்துலதான் கதிரைத் தள்ளற வாய் இருக்கு. அதோட மூடிய வெட்டி எடுத்தாச்சு. அதுல ஒரு ஆளுக்குக் கை போயிடுச்சு. அந்த ஆள்தான் மெஷின் யார்கிட்டயும் போகக் கூடாதுன்னு பொய்யா விலை கேட்டவர். அதுக்கு முன்னாடி உங்களுக்கு நாலு தடவை எழுதியிருக்கார்."

டிக்கின் கை மவுசின்மேல் அப்படியே நின்றுவிட்டது. தானாகவே புகார்ப் பெட்டியைத் திறந்தாள். நான்கு கடிதம். நான்கு பதில்.

"நீ இந்த மெஷினை நேர்ல பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டார் அண்ணி. குரலில் கோபம் இல்லை.

"எந்த மெஷினையுமே நேர்ல பாத்ததில்லை மேடம்" என்றாள். "ஒரு பொருளுக்கு ரெண்டு நிமிஷந்தான். நான் எண்ணினேன். எட்டு இருந்துச்சு."

எனக்கு அவள்மேல் ஆத்திரம் வர வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. மூன்று நாளாக அந்த வெளிர்பச்சைச் சீட்டை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "நல்லது. ஆள் கெடைச்சாச்சு, இந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு ஆச்சு. புகார்ல அவ பேரை எடுத்துடறேன். விஷயம் முடிஞ்சுது."

"மெஷின்?" என்றேன்.

"அது வித்தாச்சு சார். வாங்கினவங்க பாத்துப்பாங்க."

"இப்ப ஏத்திக்கிட்டிருப்பாங்க. நிறுத்த முடியாதா?"

"வெளியே எடுக்க அனுமதி குடுத்தாச்சு. அதை ரத்து பண்ண ஒரே வழிதான் இருக்கு. 'சரிபார்ப்பில் பிழை'ன்னு சரிபார்த்தவங்களே பதிவு பண்ணணும். பதிவு பண்ணினா, அது அவங்க பேர்ல நிக்கும். மேலிடத்துக்கு நேரா போகும்." டிக்கைப் பார்த்தார். அந்த மனிதரிடமும் கொஞ்சம் இரக்கம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். "இப்பதான் ஒரு கண்டம் தப்பிச்சிருக்கே. பேசாம இரு. வீட்ல ஆளு படுத்துக் கெடக்காரு."

நான் அண்ணியைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்சிக்காரர் அவள். காப்பாற்றச் சொல்லி வந்தவளிடம் போய் வேலையை விடு என்று அண்ணியால் எப்படிச் சொல்ல முடியும்?

சுவர்க் கடிகாரம் நாலு இருபத்தெட்டு காட்டியது.

"யாரு வாங்கியிருக்கா மேடம்?" என்றாள் டிக்.

"புதுசா கல்யாணம் ஆனவங்களாம்" என்றார் அண்ணி, காலைப் பார்த்தபடியே. "ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டப் போறாங்களாம்."

டிக் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். காரணம் கேட்டது, 'சரிபார்ப்பில் பிழை' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். விவரம் கேட்டது, 'வலது பக்கப் படம் போலியானது. இயந்திரத்தின் வாய்க்கு மூடி இல்லை. நான் பார்க்காமல் அனுமதித்தேன்' என்று தட்டினாள். 'பார்க்காமல்' என்ற சொல்லில் ஒரு முறை நின்று, அழித்து, மறுபடியும் அதையே தட்டினாள். பெயர் கேட்டது. அந்த அலுவலகத்தில் அவள் சொந்தப் பெயரை யாரும் கேட்டதே இல்லை என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அதைத் தட்ட அவள் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

மேலாளரின் இரண்டு ஃபோன்களும் ஒன்றாக அடித்தன. உள்ளே போய்ப் பேசினார். விற்கிறவரின் சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. பத்து நிமிடம் கழித்து, பத்து வயது கூடியவராக வெளியே வந்தார்.

"அந்தப் பொய் விலை கேட்ட ஆள் பேரைக் குடுங்க மேடம். அவர் மேலயாவது புகார் குடுக்கறேன்."

"தாராளமா" என்றார் அண்ணி. "பேரோட அவர் எழுதின நாலு கடிதத்தையும், உங்க கம்பெனி அனுப்பின நாலு பதிலையும் சேர்த்துத் தர்றேன். மொத்தமாக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுங்க."

"பேர் மட்டும்..."

"தனித்தனியாத் தர்ற வழக்கம் எங்ககிட்ட இல்லைங்க."

மேலாளர் இரண்டு ஃபோனையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு, "வேண்டாம்" என்றார். டிக்கிடம் திரும்பி, "நாளைக்கு மேலிடத்துல பேசிப் பாக்கறேன்மா. ஆனா நம்பிக்கை வெக்காதே" என்றார்.

அவள் தலையாட்டினாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, கணவரின் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பாக்கியிருந்த முப்பதில் ஒன்றுக்கும் அவள் டிக் போடவில்லை.

* * *

அவளையும் காரிலேயே ஏற்றிக்கொண்டோம். ஃபீஸ் பற்றி அண்ணியும் பேசவில்லை, நானும் பேசவில்லை, காரும் பேசவில்லை, அதாவது மூன்று முறை சாவி திருப்பியும் கிளம்பவில்லை.

நாலாவது முறை கிளம்பியது. ரயில்வே கேட் மறுபடியும் மூடியிருந்தது. என் அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். வாஷிங் மெஷினில் தண்ணீர் வடிந்துவிட்டதாம், ஆனால் ஹாலில் வடிந்திருக்கிறதாம்.

ஐந்தரைக்கு என் ஃபோனில் ஒரு படம் வந்து விழுந்தது. கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்ட கிலோவிடமிருந்து. ஒரு வெளிர்பச்சைச் சீட்டு. எழுத்து ஒன்றும் எழுதவில்லை.

நான் பார்த்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணி பார்த்துவிட்டுப் பின்சீட்டுக்கு நீட்டினார்.

டிக் வாங்கிக்கொண்டாள். முதலில் சாதாரணமாகப் பார்த்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் உதடு அசைவது தெரிந்தது. வண்டி எண். தேதி. போன நேரம் பன்னிரண்டு முப்பத்திரண்டு, எடை 8,260. திரும்பிய நேரம் ஐந்து இருபத்தொன்று, எடை 8,260.

கடைசி வரிக்கு வந்து அங்கேயே நின்றாள். சரக்கு எடை: 0.

கேட் திறந்து பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. நான் கிளப்பவில்லை. அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

மறுபடியும் முதல் வரியிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரியா இருக்கு சார்" என்றாள்.